பந்திலிருந்து கண்ணை எடுங்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: ஒரு ஆட்டக்காரர் நல்லவரா, சுமாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: பல வருஷமாக சூப்பர் பவுல் இறுதிப் போட்டி பார்க்கிறேன். விதிகளெல்லாம் புரிந்துவிட்டன. ஆனால் வர்ணனையாளர்கள் "இவர் நல்ல கார்டு, அவர் சுமாரான சேஃப்டி" என்று சொல்வது எதை வைத்து என்றுதான் பிடிபடவில்லை. எங்கே ஆரம்பிப்பது?
*வாசகர், கோயம்புத்தூர்*

(மற்ற வாசகர்களுக்காக: கார்டு, முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுப்பவர்; சேஃப்டி, பின்னால் நின்று காப்பவர்.) முதல் வேலை, பந்திலிருந்து கண்ணை எடுப்பது. மைதானத்தில் 22 பேர் நிற்கிறார்கள், பந்து ஒருத்தரிடம்தான் இருக்கிறது, டிவி கேமராவும் அந்தப் பந்துக்குப் பின்னாலேயே ஓடுகிறது. அதனால் எத்தனை வருஷம் பார்த்தாலும் நமக்குத் தெரிவது பந்தை எறியும் குவார்ட்டர்பேக், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், பந்தைப் பிடித்த ரிசீவர், இவர்கள் மட்டும்தான். அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் பார்ப்பது வேறு படம். 'ஆல் 22' என்று பெயர், உயரத்திலிருந்து 22 பேரும் தெரிகிற மாதிரி எடுப்பது. 2012 முதல் என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) அதைப் பணம் கட்டும் ரசிகர்களுக்கும் திறந்துவிட்டது. அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, முன்வரிசையான லைனில் நிற்பவர்களைச் சாதாரண ஒளிபரப்பிலேயே நன்றாகப் பார்க்கலாம், ரீப்ளே வரும்போது இன்னும் நன்றாக.

ஒரு மேட்சுக்கு ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளேயிலும் (பந்து நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை ஒரு பிளே) அவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: இந்த பிளேயில் இவருக்குக் கொடுத்த வேலை என்ன? அதைச் செய்தாரா? பிளேயின் முடிவை வேறு பக்கம் எழுதிவைத்துவிடுங்கள். ரிசீவரைக் காவல் காப்பவர் கார்னர்பேக். அப்படி ஒரு கார்னர்பேக்கை ரிசீவர் ஐந்து யார்டு பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறார், ஆனால் குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, எதிர்ப்பக்கம் எறிந்துவிட்டார். ஸ்கோர்போர்டில் அந்தக் கார்னருக்கு ஒரு கறையும் இல்லை, உங்கள் நோட்டில் அவருக்கு மைனஸ். இன்னொரு பிளேயில் அதே கார்னர் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறார், பந்து மட்டும் ஒரு கை இடைவெளியில் வந்து விழுகிறது, டச் டவுன், எதிரணிக்குப் புள்ளி. அரங்கமே அவரைத் திட்டும், நீங்கள் பிளஸ் போட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து எழுதக் கை பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம், எல்லா பொசிஷனுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. விக்கெட் கீப்பரையும் லெக் ஸ்பின்னரையும் ஒரே பட்டியலில் வைத்து யாராவது மார்க் போடுவார்களா? இங்கே வித்தியாசம் அதைவிடப் பெரிது. லைன் நடுவில் நிற்கும் 140 கிலோ சென்டரும் 80 கிலோ ரிசீவரும் ஒரே ஆட்டத்தில் ஆடுகிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

கேள்வி: என் மகன் ஹைஸ்கூல் அணியில் ஆடுகிறான். இந்த வருஷம் அவனை ஒஃபென்சிவ் லைனில் லெஃப்ட் டேக்கிளாக நிறுத்திவிட்டார்கள். மைக்கில் அவன் பெயரே வருவதில்லை. நான் காலரியில் உட்கார்ந்து எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது?
*ஒரு அம்மா, நியூ ஜெர்சி*

பெயர் வரவில்லை என்றால் பெரும்பாலும் நன்றாக ஆடுகிறான் என்று அர்த்தம் அம்மா. லைனில் நிற்பவர்களின் பெயரை மைக்கில் சொல்வது அனேகமாக ஃபவுல் நடக்கும்போதுதான். லைனின் இடது ஓரமான லெஃப்ட் டேக்கிள் என்பது சாதாரணமாகக் கொடுக்கிற இடமும் இல்லை. வலக்கை குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடது பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் வருகிற ஆள் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். அந்த முதுகைக் காக்கிற பையன் உங்கள் பையன்.

அடுத்த மேட்சில் பந்து போகிற இடத்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள். பாஸ் பிளே, அதாவது பந்தை எறிகிற பிளே என்று வைத்துக்கொள்வோம். சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்த கணத்தில் உங்கள் மகனின் இடது கால் பின்னோக்கிப் போக வேண்டும், வலது கால் அதைத் தொடர வேண்டும், இரண்டு கால்களும் ஒன்றையொன்று தாண்டவோ உரசவோ கூடாது. முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும், கைகள் நெஞ்சுக்குப் பக்கத்தில். எதிரே ஓடி வருகிறவன் கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் இரண்டு உள்ளங்கைகளும் அவன் மார்பில் பட வேண்டும், தோளுக்கு வெளியே போனால் ஹோல்டிங் ஃபவுல் கூப்பிட்டுவிடுவார்கள். முக்கியமாகத் தலையைப் பாருங்கள். அவன் தலை தன் முழங்காலைத் தாண்டி முன்னால் சாய்ந்துவிட்டால் அந்த பிளே முடிந்த மாதிரிதான், எதிராளி அவன் கையைத் தட்டிவிட்டு உள்பக்கமாக நுழைந்துவிடுவான். சாயாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தால், எதிராளி முழு பலத்தோடு வந்து முட்டினாலும் உங்கள் பையன் இரண்டு அடி பின்னால் வழுக்கிவிட்டு அப்படியே ஊன்றி நின்றுவிடுவான். இதெல்லாம் மூன்று விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும், அதனால் வீடியோ இருந்தால் ஒரே பிளேயை மூன்று தடவை போட்டுப் பாருங்கள், ஒரு தடவை காலுக்கு, ஒரு தடவை கைக்கு, ஒரு தடவை தலைக்கு.

இன்னொன்று, எதிரணியின் இரண்டு பேர் நடுவில் இடம் மாற்றிக்கொண்டு வருவார்கள், ஸ்டன்ட் என்பார்கள். அப்போது உங்கள் மகன் தன் ஆளைப் பக்கத்திலிருக்கும் கார்டிடம் ஒப்படைத்துவிட்டுப் புதிதாக வருகிறவனைப் பிடிக்கிறானா? பிடித்தால் அவனுக்கு ஆட்டம் புரிகிறது. பெரிய உடம்பு இருந்தும் இது வராத பையன்கள் நிறையப் பேர்.

அடிக்கடி தரையில் விழுந்து கிடக்கிறானா என்றும் கவனியுங்கள். விழுவது பெரும்பாலும் பலக்குறைவால் வருவதில்லை, நிலை தடுமாறுவதால் வருவது. மல்யுத்தம், குண்டு எறிதல் செய்த லைன்மேன் என்றால் ஸ்கவுட்டுகளுக்குத் தனிப் பிரியம் இருப்பது இதனால்தான், அங்கே இடுப்பும் காலும் தானாகவே பழகிவிடுகின்றன. பள்ளியில் மல்யுத்த அணி இருந்தால் குளிர்காலத்தில் அனுப்பிவையுங்கள். வளர்கிற வயதில் யாராவது "எடையை ஏற்று" என்று மட்டும் நச்சரித்தால் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். காலைக் கற்றுக்கொண்ட பையனுக்கு எடை பின்னால் வரும்.

கேள்வி: கம்பைனில் 40 யார்டு ஓட்டத்துக்கு இவ்வளவு அலட்டல் ஏன்? அதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?
*கல்லூரி மாணவர், திருச்சி*

உண்டு, ஆனால் எந்த பொசிஷன் என்பதைப் பொறுத்தது. கம்பைன் என்பது டிராஃப்டுக்கு (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுப்பது) முன் கல்லூரி வீரர்களை ஒரே இடத்தில் கூட்டி அளந்து பார்ப்பது, 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. 40 யார்டு என்றால் சுமார் 36.5 மீட்டர் ஓட்டம், கூடவே 102 கிலோ எடையைப் படுத்துக்கொண்டு எத்தனை தடவை தூக்குகிறார், எவ்வளவு உயரம் எம்புகிறார், எவ்வளவு தூரம் தாண்டுகிறார், மூன்று கூம்புகளைச் சுற்றி எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறார் என்று எல்லாம் உண்டு.

ரிசீவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையை முறித்தார், சின்சினாட்டி அணி டிராஃப்டில் 9ஆவது ஆளாக எடுத்தது. காயங்கள் வேறு சேர்ந்துகொண்டன, முதல் சீசனில் ஒரு பாஸ்கூடப் பிடிக்கவில்லை, அப்புறமும் அந்த வேகத்துக்கு ஏற்ற ஆட்டம் வரவே இல்லை. அதே டிராஃப்டில் கூப்பர் கப் 4.62 விநாடி, அந்த இடத்துக்கு அது மெதுவான ஓட்டம், ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்கிற சிறிய கல்லூரி வேறு. ராம்ஸ் அவரை மூன்றாம் சுற்றில் 69ஆவது ஆளாக எடுத்தார்கள். 2021 சீசனில் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச் டவுன், மூன்றிலும் லீகில் முதலிடம், அந்த சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். அவர் வேகம் எங்கே இருந்தது என்றால் திரும்புகிற இடத்தில். நேராக ஓடி வந்து சட்டென்று உள்ளே வெட்டும்போது பெரும்பாலான ரிசீவர்கள் இரண்டு மூன்று குட்டி அடி வைத்து வேகத்தைக் குறைப்பார்கள், அதைப் பார்த்தே கார்னர் உஷாராகிவிடுவார். கப் குறைக்கிற அடையாளமே தெரியாமல் திரும்புவார். நீங்கள் ரிசீவரைப் பார்க்கும்போது இந்த ஒரு இடத்தைப் பாருங்கள், அப்புறம் பந்தைக் கையால் பிடிக்கிறாரா, நெஞ்சில் வாங்குகிறாரா என்று பாருங்கள். நெஞ்சில் வாங்குகிறவர் நெருக்கடியில் நழுவவிடுவார்.

லைன்மேன் 40 யார்டு ஓடுகிற சந்தர்ப்பம் ஆட்டத்தில் அபூர்வம். அதனால் அவர்களுக்கு முதல் 10 யார்டு நேரத்தைத் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். 2018 கம்பைனில் ஓர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 5.85 விநாடி ஓடினார், எடையை 14 தடவைதான் தூக்கினார், எல்லாரும் கைகழுவிவிட்டார்கள், மூன்றாம் சுற்றுக்கு இறங்கிவிட்டார். பின்னால் ப்ரோ பவுல் என்கிற நட்சத்திர அணிக்குப் பலமுறை தேர்வானார், கேன்சஸ் சிட்டியின் லெஃப்ட் டேக்கிளாக சூப்பர் பவுலும் ஜெயித்தார். கல்லூரி வீடியோவில் அவரைச் சுற்றி வர எதிராளிகள் பட்ட பாடு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கார்னர்பேக் மெதுவாக ஓடினால் நான் கவலைப்படுவேன், பிந்திவிட்டால் எட்டிப் பிடிக்க அவருக்கு வேறு வழி இல்லை. என் கணக்கில் கம்பைன் எண் என்பது வீடியோவை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லும் ஒரு மணி. எண்ணும் வீடியோவும் ஒத்துப்போனால் மேலே போகலாம், முரண்பட்டால் இன்னும் இரண்டு மேட்ச் பார்த்துவிட்டு வீடியோ பக்கம் நிற்பேன்.

கேள்வி: முதல் ஆளாக எடுக்கிற குவார்ட்டர்பேக்கே கவிழ்ந்துவிடுகிறார், 199ஆவது ஆள் சரித்திரம் படைக்கிறார். அப்படியானால் இது வெறும் அதிர்ஷ்டம்தானே?
*வாசகர், பெங்களூரு*

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தவறு நடக்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற கையை எடைபோட்டுவிட்டு, தெரியாத கண்ணையும் காலையும் விட்டுவிடுகிறார்கள். ஜமார்கஸ் ரஸ்ஸலை ஓக்லாந்து 2007இல் முதல் ஆளாக எடுத்தது அந்தக் கையின் பலத்துக்காக. மூன்று சீசன், 25 மேட்சில் தொடக்க ஆட்டக்காரர், ஏழில்தான் வெற்றி, 2010இல் விட்டுவிட்டார்கள். டாம் பிரேடி 2000இல் 40 யார்டை 5.28 விநாடியில் ஓடினார், ஆறாம் சுற்று, 199ஆவது ஆள், ஏழு சூப்பர் பவுல்.

குவார்ட்டர்பேக்கைப் பார்க்கிறபோது நான் முதலில் மூன்றாவது டவுனைத் தேடிப் போவேன். 10 யார்டு போக நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன், மூன்றாவதில் ஏழெட்டு யார்டு பாக்கி, பாஸ்தான் வரும் என்று எதிரணிக்கும் தெரியும், ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அங்கே பந்து எப்போது கையை விட்டுப் போகிறது? ரிசீவர் திரும்பி ஆளில்லாமல் நின்ற பிறகு எறிவது கல்லூரியில் எடுபடும், என்எஃப்எல்லில் அந்த ஜன்னல் மூடிவிடும். ரிசீவர் இன்னும் திரும்பவே இல்லை, பந்து காற்றில் வந்துகொண்டிருக்கிறது என்றால், அதை அடிக்கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, நெருக்கடி வரும்போது கண் எங்கே போகிறது. பாய்ந்து வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் ரிசீவர்கள் மறைந்துவிடுவார்கள். கண் தூரத்திலேயே இருக்க, கால் மட்டும் அரை அடி நகர்ந்து கொடுத்துவிட்டு எறிகிறவர்தான் வேண்டும், பிரேடி 20 வருஷத்துக்கு மேல் பிழைத்தது அந்த அரை அடியில்தான். பந்து போய்ச் சேர்வதையும் பாருங்கள், ரிசீவர் ஓட்டத்தை நிறுத்தாமல் வாங்க முடிகிறதா, பின்னால் திரும்பித் தாவிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? ஸ்கோரில் இரண்டும் ஒரு கேட்ச்தான்.

துல்லியத்தை யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது என்று பழைய ஸ்கவுட்டுகள் சொல்வார்கள். அதை உடைத்தவர் ஜாஷ் ஆலன். வயோமிங் கல்லூரியில் எறிந்த பாஸ்களில் 56 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தன, 2018இல் பஃபலோவில் முதல் சீசன் 52.8 சதவீதம், 2020இல் 69.2. இடையில் எறியும்போது கால் வைக்கிற முறையை மாற்றினார்கள், ஸ்டெஃபான் டிக்ஸ் என்கிற அருமையான ரிசீவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், ஆலனும் உழைத்தார். 2024 சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்கு. ஆனால் இதைக் காட்டி 55 சதவீதக்காரர்களையெல்லாம் ஆலன் ஆகிவிடுவார்கள் என்று நம்பினால் ஒரு அணி பல வருஷத்தை இழக்கும்.

கேள்வி: நான் டேட்டா துறையில் இருக்கிறேன். புள்ளிவிவரம் இவ்வளவு இருக்கும்போது வீடியோவை ஏன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்?
*வாசகர், சென்னை*

இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல், அதில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1960களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியை நிர்வகித்த டெக்ஸ் ஷ்ராம், கல்லூரி வீரர்களை கம்ப்யூட்டரால் தரம் பிரிக்க முடியுமா என்று ஐபிஎம்மின் கிளை நிறுவனத்தைக் கேட்டார். அங்கே அவருக்குக் கிடைத்தவர் சலாம் குரேஷி, அலிகாரில் புள்ளியியல் படித்தவர், கிரிக்கெட் தெரியும், அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்கவுட்டுகள் எழுதிவைத்த நூற்றுக்கணக்கான குணங்களைச் சலித்து ஐந்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: நடத்தை, சுறுசுறுப்பும் உடல் கட்டுப்பாடும், போட்டி குணம், மனக்கூர்மை, பலமும் வெடித்துக் கிளம்பும் வேகமும். பாருங்கள், கம்ப்யூட்டருக்காக உட்கார்ந்து யோசித்தவர்களே கடைசியில் வந்து நின்றது மனிதக் கண்ணால் மட்டுமே மார்க் போடக்கூடிய விஷயங்களில்.

எண்களைப் பயன்படுத்துங்கள், ஆனால் பொசிஷனுக்குப் பொசிஷன் அவை வேறு விதமாக ஏமாற்றும். குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் பாஸ் ரஷருக்கு எல்லாரும் சாக் (எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) கணக்கைப் பார்ப்பார்கள். குவார்ட்டர்பேக் தானே தடுமாறி மடியில் வந்து விழுந்தாலும் சாக் சாக்தான், அடித்து நொறுக்கிக்கொண்டு உள்ளே போய் அரை விநாடியில் தவறவிட்டால் பூஜ்யம். எத்தனை தடவை நெருக்கடி கொடுத்தார் என்பது இதைவிட நம்பகமான கணக்கு. கார்னருக்கு இன்டர்செப்ஷன், எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது. டிரெவான் டிக்ஸ் 2021இல் 11 எடுத்தார், பெரிய விஷயம்தான், ஆனால் அவ்வளவு கிடைக்க வேண்டுமானால் அவர் பக்கம் பந்து நிறைய வர வேண்டும், துணிந்து பாய வேண்டும், பாய்ந்தது தப்பினால் யார்டுகள் போகும். 2009இல் டாரெல் ரீவிஸ் எதிரணியின் முதல் ரிசீவரை வாராவாரம் தனியாளாகச் சமாளித்தார், அவர் பக்கம் எறியவே யோசித்தார்கள். யாரும் எறியாத கார்னரின் பெயர் எந்தப் பட்டியலில் வரும்?

தடுப்பு லைனில் ஆடிய ஆரன் டொனால்டைச் சொல்லாமல் விட முடியாது. அந்த இடத்துக்கு உயரம் போதாது, எடை போதாது என்று 2014இல் அவருக்கு முன்னால் 12 பேரை எடுத்தார்கள். கல்லூரி வீடியோவில் பந்து அசைந்ததும் எல்லாருக்கும் முன்னால் அசைகிற முதல் கால் அவருடையது, எதிராளி கையை நீட்டும்போதே அதைத் தட்டிவிட்டிருப்பார். லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று தடவை வாங்கினார்.

கேள்வி: ரன்னிங் பேக்குகளுக்கு மதிப்பு குறைந்துவிட்டதே, நியாயமா?
*வாசகர், சிங்கப்பூர்*

பணக் கணக்கில் நியாயம், ஆட்டத்தில் இல்லை. சேக்வான் பார்க்லி 2023இல் ஜயன்ட்ஸ் அணியில் 962 யார்டு, அடுத்த வருஷம் ஈகிள்ஸ் அணியில் 2,005. அதே ஆள், முன்னால் நின்ற லைன் வேறு. அதனால் ரன்னிங் பேக்கைப் பார்க்கும்போது முன்னால் திறந்த வழியில் ஓடியதைக் கழித்துவிடுங்கள். முதல் ஆள் மேலே மோதிய பிறகு எவ்வளவு போகிறார், பாஸ் பிளேயில் பாய்ந்து வருகிற லைன்பேக்கரை நின்று தடுக்கிறாரா, இந்த இரண்டும் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

கேள்வி: இந்த ஆட்டத்தையே ஆடாத ஒருவரை எடைபோட முடியுமா?
*வாசகர், மெல்பர்ன்*

உங்கள் ஊர்ப் பக்கத்து ஆளே பதில். சிட்னியில் ரக்பி லீக் ஆடிய ஜோர்டன் மைலாட்டா, 6 அடி 8 அங்குலம், அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு மேட்ச்கூட ஆடாமல் 2018 டிராஃப்டுக்கு வந்தார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரைக் கடைசிச் சுற்றில் 233ஆவது ஆளாக எடுத்தது. லைன் வேலையைக் காட்டும் வீடியோ இல்லை, ஆனால் ரக்பி வீடியோ இருந்தது, அந்த உடம்பு அந்த வேகத்தில் ஓடி, திரும்பி, மோதிய பிறகும் காலில் நிற்பது அதில் தெரிந்தது. மீதியைச் சொல்லிக்கொடுக்க ஜெஃப் ஸ்டவுட்லண்ட் போன்ற பயிற்சியாளர் அந்த அணியில் இருந்தார். 2020இல்தான் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார், இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்தபோது லெஃப்ட் டேக்கிள் அவர்தான், பார்க்லிக்கு வழி திறந்த லைனில் அவரும் ஒருவர். ஆளை எடைபோடும்போது அவரைச் சொல்லிக்கொடுத்து வளர்க்கப்போகிறவர் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒருவரைப் பற்றி முடிவுக்கு வர எத்தனை மேட்ச் பார்க்க வேண்டும்?
*வாசகர், மதுரை*

குறைந்தது மூன்று அல்லது நான்கு, அதில் ஒன்றாவது பலமான எதிரணியோடு, ஒன்றாவது அவர் மோசமாக ஆடியது. யூடியூப்பில் கிடைக்கும் ஹைலைட் தொகுப்பை வைத்து யாரையும் முடிவுகட்டாதீர்கள், அதில் எல்லாரும் நட்சத்திரம்தான். அலபாமாவில் மொபைல் என்கிற ஊரில், கல்லூரி முடிக்கும் வீரர்களுக்காக நடக்கும் சீனியர் பவுல் பயிற்சி வாரத்தின் வீடியோக்களையும் தேடிப் பாருங்கள், ரிசீவரும் கார்னரும், டேக்கிளும் ரஷரும் ஒண்டிக்கு ஒண்டி மோதுவார்கள், சிறிய கல்லூரிக்காரர் பெரிய கல்லூரிக்காரருக்கு முன்னால் எப்படி நிற்கிறார் என்று அங்கே தெரிந்துவிடும். பார்த்ததை அன்றே எழுதிவிடுங்கள், மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்னால்.